99 குதங்கள், ஒரு கேள்வி

கேள்வி இதுதான்: "இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் சீனன்குடா எண்ணெய்க் குதங்கள் பெரும்பாலும் பயன்படாமற் கிடந்தமைக்குப் பாதுகாப்பு அரசியலே பிரதான காரணம். இக்கூற்றை மதிப்பிடுக."

வாசித்தாயிற்றா? அந்த முகத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள். எந்த வினாத்தாளிலும் வந்ததல்ல, உங்களுக்காக நானே கட்டிய கேள்வி. ஆனால் உயர்தர வகுப்புப் பிள்ளையும் கோணேசபுரி வளாகத்தில் முதலாம் வருட ஒப்படை எழுதும் பிள்ளையும் இப்படியொன்றைக் கண்டதும் முதலில் கேட்பது ஒன்றே ஒன்று: "சேர், எத்தனை பக்கம் எழுத வேணும்?"

பக்கத்தை விடுங்கள். வாருங்கள், உள்ளே போவோம்!

கூத்துக் களரியில் ராசா வரவை ஊரே பார்க்கும். உடுப்புக் கட்டுகிற கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்த சின்னப் பெடியனுக்குத்தான் முழுக் கூத்தும் தெரியும். முடி ஒரு மூலையில் கிடக்கும், ராசா வாயில் பீடி புகையும், சேனாதிபதி ஊசி நூல் தேடிக்கொண்டிருப்பார். அச்சில் கம்பீரமாக வந்து நிற்கும் கல்விசார் கட்டுரைக்கும் அப்படி ஒரு கொட்டில் உண்டு. அதற்குள் நடக்கிற கூத்தை யாரும் நமக்குக் காட்டுவதில்லை. முடிந்த கட்டுரையைக் கையில் தந்து "இப்படி எழுது" என்கிறார்கள். எப்படி?

முதல் காட்சியில் பேனாவுக்கு வேலையே இல்லை. உயர்தர வினாத்தாளின் தலையில் மூன்று மணித்தியாலத்துக்குப் பக்கத்தில் "மேலதிக வாசிப்பு நேரம் 10 நிமிடங்கள்" என்று ஒரு வரி இருக்கும். பரீட்சைத் திணைக்களம் இலவசமாகத் தரும் அந்தப் பத்து நிமிடத்தை மின்விசிறியைப் பார்த்துச் செலவழிப்பவர்கள் எத்தனை பேர்! கட்டுரையின் பாதி அங்கேதான் நடக்கிறது. கேள்வியின் கடைசிச் சொல்லில் தொடங்குங்கள். "விபரிக்க" என்றிருந்தால் நடந்ததைச் சொன்னால் போதும். "விளக்குக" என்றால் ஏன், எப்படி என்பதும் வேண்டும். "மதிப்பிடுக" என்று கேட்டவர் உங்களிடம் தீர்ப்புக் கேட்கிறார். அதற்கு விபரித்துவிட்டு வருகிறவர் எவ்வளவு அழகாக விபரித்தாலும் புள்ளியிடுபவர் பெருமூச்சுத்தான் விடுவார்.

அடுத்தது சின்னச் சின்னச் சொற்கள். எனக்கு இந்த வேலை அப்படிப் பிடிக்கும்! "பெரும்பாலும்" என்று போட்டிருப்பதால் முழுக்கப் பயன்படாமல் கிடக்கவில்லை என்பதைக் கேள்வியே ஒப்புக்கொண்டுவிட்டது. "பிரதான" என்பதால் வேறு காரணங்களும் இருக்கின்றன, அவற்றைக் கொண்டுவந்து அளக்க வேண்டும். "பாதுகாப்பு அரசியலே" என்ற அந்த ஏகாரம் சண்டைக்கு அழைக்கிறது. கேள்வி கேட்டவர் வேண்டுமென்றே கொஞ்சம் மிகைப்படுத்தியிருக்கிறார். "ஆம், முற்றிலும் உண்மை" என்று எழுதினால் அவர் ஏமாந்துபோவார்.

எல்லாவற்றிலும் கொடுமையான சொல் "பின்னர்". ஏன் கொடுமை என்று சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன்.

இனி ஒரு வெற்றுத்தாளை எடுத்துத் தெரிந்ததையெல்லாம் கொட்டுங்கள். ஒழுங்கு வேண்டாம், எழுத்துப்பிழை பற்றிக் கவலை வேண்டாம். என் தாளில் விழுந்தவை: திருகோணமலைச் சீனன்குடாவில் பிரித்தானியக் கடற்படைக்காகக் கட்டிய குதங்கள். இன்று எண்ணினால் 99. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும். நூற்றுக்கணக்கான ஏக்கரில் பரந்து கிடக்கின்றன, பெரும்பகுதி காட்டுக்குள். 1947 பாதுகாப்பு உடன்படிக்கை. 1957இல் பண்டாரநாயக்கா காலத்தில் பிரித்தானியர் தளத்தைக் கையளித்தது. 1961ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் பிறந்த பெற்றோலியக் கூட்டுத்தாபனம். 1969இல் சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம். 1987 இலங்கை இந்திய ஒப்பந்தம். 2003இல் வந்த லங்கா ஐ.ஓ.சி. 2022 ஜனவரி உடன்படிக்கை.

இதுவரை நல்ல பிள்ளைகள். ஆனால் கதவைத் திறந்தால் கூப்பிடாதவர்களும் வருவார்களே! திருகோணமலை என்று எழுதியதும் இராவணன் வெட்டு ஓடிவந்து முன்வரிசையில் உட்காருகிறது. கன்னியா வெந்நீரூற்று பின்னாலேயே ஆவி பறக்க வருகிறது. நெல்சன் இந்தத் துறைமுகத்தைப் புகழ்ந்தாராம், அவரும் வருகிறார். (யார் சொன்னது, எந்தக் கடிதத்தில் என்று கேட்டுப் பாருங்கள், பாதிப்பேர் கழன்றுகொள்வார்கள்.) பக்கத்துச் சிங்கப்பூர்க்காரர் பிரீமா மாவாலையோடும், ஏ.வை.எஸ். ஞானம் 1982இல் நிறுவிய டோக்கியோ சிமெந்தோடும் வந்து நிற்கிறார்கள். எல்லாரும் சீனன்குடாவுக்கு நெருங்கிய சொந்தம்தான். கேள்விக்குச் சொந்தமா என்பதுதான் பிரச்சினை. இராவணனை மரியாதையாக வாசலோடு அனுப்பிவிட்டேன். வெந்நீரூற்றையும்தான். சிமெந்துக்கும் மாவுக்கும் மட்டும் திண்ணையில் பாய் போட்டேன். ஏன் என்று பின்னால் தெரியும்.

இப்போது அந்தக் கொடுமைக்கு வருகிறேன். 1942 ஏப்ரல் 9. நான்கு நாளுக்கு முன் கொழும்பைத் தாக்கிய நகுமோவின் யப்பானிய விமானந்தாங்கிப் படை அன்று காலை திருகோணமலைக்கு வந்தது. சிங்கப்பூர் விழுந்து இரண்டு மாதங்கூட ஆகவில்லை. துறைமுகத்தில் சகாயிங் என்ற கப்பல் அடிபட்டது, மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது, சீனன்குடாவில் ஒரு யப்பானிய விமானம் எண்ணெய்க் குதமொன்றின் மேல் போய் விழுந்தது. தீ பல நாள் எரிந்தது. உருகி நெளிந்த அந்தக் குதத்தின் இரும்பு இன்னும் அங்கே கிடக்கிறது.

எப்படிப்பட்ட கதை! எந்தப் பிள்ளைதான் இதை எழுதாமல் விடும்? அதிலும் அந்த விமானி வேண்டுமென்றே மோதினார் என்று சிலரும், சுடப்பட்டு நிலைதவறி விழுந்தார் என்று வேறு சிலரும் சொல்கிறார்கள். யப்பான் தற்கொலைத் தாக்குதலுக்கென்றே படையணி அமைத்தது 1944 ஒக்டோபரில், பிலிப்பைன்ஸில். இரண்டரை வருடத்துக்கு முந்திய ஒரு சம்பவத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டுவது பிந்திய நினைவு முந்திய நிகழ்ச்சிக்குச் சாயம் பூசுவதாக இருக்கலாம். விமானம் மோதும்போது உள்ளே இருந்தவர் என்ன நினைத்தார் என்பதற்குச் சாட்சி யார்? மூலங்களை எப்படிச் சந்தேகிப்பது என்று படிக்க இதைவிட நல்ல பாடம் இந்தக் கரையில் இல்லை.

ஆனால் கேள்வி "பின்னர்" என்கிறது. போருக்குப் பின்னர். 1942 வெளியே.

வலிக்கிறதுதானே? எனக்கும் வலித்தது. கொட்டிலுக்குள் நடக்கும் பெரிய நாடகமே இதுதான். ஆகச் சிறந்த துண்டு, ஆக உழைத்துத் தேடிய துண்டு, கேள்விக்கு வெளியே விழுந்துவிடும். தேடியதற்காக அதை உள்ளே தள்ளுகிறவர்கள்தான் அதிகம். விரிவுரையாளர் ஓரத்தில் "பொருத்தம்?" என்று சிவப்பு மையில் ஒரு சொல் எழுதிவிட்டுப் போவார். அந்த விமானத்தை இன்னொரு கேள்விக்காக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, தாளில் மிஞ்சியதை வைத்து என்ன சொல்லப் போகிறோம்? என் முதல் பதில் இப்படி வந்தது: "பாதுகாப்பு அரசியலும் ஒரு காரணம், வேறு காரணங்களும் உண்டு." இதை யாரும் மறுக்க முடியாது. யாரும் மறுக்க முடியாத ஒன்றை நிறுவ எதற்குக் கட்டுரை? ரியூசன் மாதிரி விடைகள் பலவும் இந்த இடத்திலேயே குடியிருக்கின்றன. மூன்று காரணம், நான்கு காரணம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பந்தி, கடைசியில் "எனவே பல காரணங்கள் உண்டு." மாதிரி விடையைப் பாடமாக்குவதை நான் வன்மையாகவே வெறுக்கிறேன். கேள்வியில் ஒரு சொல் மாறினாலும் அது பழைய கேள்விக்கே பதில் சொல்லிக்கொண்டிருக்கும்.

இதை உடைக்க ஒரு குறுக்குக் கேள்வி உண்டு. கூற்றில் சொல்லப்பட்ட காரணத்தைக் கற்பனையில் நீக்கிப் பாருங்கள். இந்தியாவுக்குச் சந்தேகம் இல்லை, அமெரிக்காவுக்கு ஆசை இல்லை, பனிப்போர் இல்லை. அப்போது சீனன்குடாக் குதங்கள் நிறைந்திருக்குமா?

கணக்குப் போடுவோம், இங்கேதான் எனக்கு உற்சாகம் தாங்காது! ஒரு குதம் 12,000 கிலோலீற்றர், அதாவது 1 கோடியே 20 இலட்சம் லீற்றர். வீதியில் ஓடும் பெரிய பவுசர் 33,000 லீற்றர் ஏற்றும். ஒரேயொரு குதத்தை வெறுமையாக்க 360 பவுசருக்கு மேல் வரிசையில் நிற்க வேண்டும். 99 குதத்துக்கும் 36,000. ஒரு பேரரசின் கடற்படைக்கு எண்ணெய் ஊற்ற அளவெடுத்துத் தைத்த சட்டை இது. அந்தக் கடற்படை 1957இல் போய்விட்டது. மிஞ்சிய சின்ன நாட்டின் எரிபொருள் வியாபாரமோ ஏறத்தாழ 260 கிலோமீற்றருக்கு அப்பால், கொழும்பைச் சுற்றி வளர்ந்தது. கொலன்னாவையில் களஞ்சியம், சப்புகஸ்கந்தவில் சுத்திகரிப்பு. சந்தேகப்பட யாருமே இல்லாவிட்டாலும் இந்தக் குதங்களில் பெரும்பகுதி காலியாகத்தான் இருந்திருக்கும்.

பார்த்தீர்களா, பொதுத்தகவலாகக் கிடந்த "12,000 கிலோலீற்றர்" இப்போது சான்றாக எழுந்து நின்றுவிட்டது. எண் மாறவில்லை. கேட்ட கேள்விதான் அதற்கு வேலை கொடுத்தது.

அப்படியானால் பாதுகாப்பு அரசியல் ஒன்றுமே செய்யவில்லையா? செய்தது, நிறையவே. 1980களின் தொடக்கத்தில் அரசு குதங்களைக் குத்தகைக்கு விடக் கேள்விப்பத்திரம் கோரியபோது, திரைமறைவில் அமெரிக்கா நிற்கிறதோ என்று புதுடில்லி முகஞ்சுளித்தது. 1987 ஜூலை 29 ஒப்பந்தத்தோடு ஜெயவர்தனாவும் ராஜீவ் காந்தியும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் திருகோணமலைத் துறைமுகத்தை இந்திய நலனுக்கு ஊறான படைத்தேவைக்கு எவருக்கும் விடுவதில்லை என்றும், குதங்களைத் திருத்தி இரு நாடும் கூட்டாக நடத்துவது என்றும் எழுதப்பட்டது. கவனியுங்கள், ஒரே கடிதத்தில் பூட்டும் இருக்கிறது, திறப்பும் இருக்கிறது! அதன் நீட்சியாகவே 2003இல் இந்தியன் ஒயிலின் இலங்கை நிறுவனம் வந்தது. 2022 ஜனவரியில் 14 குதம் லங்கா ஐ.ஓ.சிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கு என்று பங்கு பிரிந்தது. கூட்டுக் கம்பனியில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம்.

இவ்வளவும் பார்த்த பிறகு என் பதில் ஒரு வசனத்தில் வந்து விழுந்தது: "குதங்களைக் காலியாக்கியது அவற்றுக்குரிய கடற்படையும் சந்தையும் இல்லாமற் போனமை, பாதுகாப்பு அரசியல் தீர்மானித்தது, அவற்றை மீண்டும் யார் திறக்கலாம் என்பதை." இதை ஒருவர் மறுக்கலாம். மறுக்க முடிவதால்தான் இதைச் சுற்றி ஒரு கட்டுரை எழுத முடிகிறது.

பதில் வந்தபின் திட்டம் போடுவது பெரிய காரியமில்லை. ஒவ்வொரு பந்தியின் முதல் வசனத்தையும் மட்டும் வரிசையாக எழுதிப் பார்ப்பேன். குதங்கள் ஒரு கடற்படைக்காகக் கட்டப்பட்டன, 1957இல் அது போய்விட்டது. நாட்டின் எரிபொருள் வியாபாரம் மேற்குக் கரையில் வேரூன்றியது. 1980களில் வர விரும்பியவர்களைப் பாதுகாப்பு அச்சம் வாசலில் நிறுத்தியது. 1983 முதல் 2009 வரையான போர் முதலீட்டை விரட்டியது. அதே அச்சமே 2003இல் ஒரு பயனாளரைக் கூட்டிவந்தது. இந்த ஐந்து வசனத்தை மட்டும் வாசித்தாலே வாதம் விளங்க வேண்டும். விளங்காவிட்டால் இடையில் எத்தனை மேற்கோள் போட்டாலும் விளங்காது.

நான்காவது வசனத்தில் ஒரு முள் இருக்கிறது. அதை ஒளிக்கக்கூடாது, எடுத்து மேசையில் வைக்க வேண்டும். போர்தான் முதலீட்டை விரட்டியது என்றால் திண்ணையில் இருத்திய சிமெந்துக்காரரும் மாவாலைக்காரரும் எழுந்து கேட்பார்கள்: "அப்போ நாங்கள்?" இதே குடாவின் கரையில், இதே போர்க்காலத்தில், அவர்கள் ஆலைகளை வைத்திருந்தார்கள். ஆகவே போர் மட்டும் முழு விடையாகாது. மாவுக்கும் சிமெந்துக்கும் நாடெங்கும் சந்தை இருந்தது, 99 குதம் எண்ணெய்க்கு அப்படியொரு சந்தை இல்லை. எதிர்வாதம் என்று வந்தது கடைசியில் என் வாதத்துக்கே முட்டுக்கொடுத்தது! இந்த மாதிரி ஒரு தருணத்துக்காக நான் இரண்டு நாள் நித்திரை முழிக்கவும் தயார். எதிர்வாதத்துக்கென்று கடைசியில் ஒரு தனிப்பந்தி ஒதுக்கி "சிலர் மறுப்பர்" என்று கடமைக்கு எழுதுவதை விட்டுவிடுங்கள். முள் எங்கே குத்துகிறதோ அங்கேயே பிடுங்க வேண்டும்.

முன்னுரையை எப்போது எழுதுவது? கடைசியில்! பரீட்சை மண்டபத்தில் முடியாது, அங்கே திட்டம் கையில் இருப்பதால் முதலிலேயே எழுதலாம். ஒப்படைக்கு ஒருபோதும் முதலில் எழுதாதீர்கள். முதலில் எழுதும் முன்னுரை "இந்து சமுத்திரத்தின் முத்தென வர்ணிக்கப்படும் எழில்மிகு இலங்கைத் திருநாட்டின் கிழக்கே" என்றுதான் தொடங்கும். அப்படித் தொடங்கினால் சீனன்குடாவுக்கு வந்து சேர ஒரு பக்கம் போய்விடும், ரயிலில் வந்தால்கூட அதற்குள் வந்திருக்கலாம். நான் வைத்த முதல் வசனம்: "1957 ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படை திருகோணமலையைக் கையளித்தபோது, அது விட்டுச்சென்ற எண்ணெய்க் குதங்களை நிரப்பக்கூடிய எவரும் இலங்கையில் இருக்கவில்லை." முதல் வசனத்திலேயே வாதம் தொடங்கிவிட்டது.

உசாத்துணை பற்றி அதிகம் சொல்லமாட்டேன், அது ஒழுக்கம். எங்கே எடுத்தோம் என்பதை எடுக்கும்போதே குறித்துவிட வேண்டும். கடைசி இரவில் தேடினால் பக்க எண் மட்டும் மாயமாகிவிடும். ஒப்பந்தத்தைப் பற்றிப் பத்திரிகை எழுதியதை வாசிப்பதோடு ஒப்பந்தத்தையே வாசியுங்கள். பாராளுமன்றத்தில் யார் என்ன கத்தினார் என்பது ஹன்சாட்டில் இருக்கிறது. பழைய தமிழ்ச் சஞ்சிகைகள் வேண்டுமென்றால் 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகம் கைத்தொலைபேசியிலேயே திறக்கும். இன்னொருவர் வசனத்தைத் தன் வசனமாக்குவது களவு, செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்ததைத் தன் பெயரில் கொடுப்பதும் அந்தக் கணக்கில்தான் சேரும். பிடிபடுவது ஒருபுறமிருக்க, உடுப்புக் கட்டும் கொட்டிலின் சுகம் முழுவதையும் யாருக்கோ தாரைவார்த்துவிட்டு வெறும் தாளைக் கையில் வைத்திருப்பது எவ்வளவு நட்டம்!

பதில் மாறிவிட்டால்? மாறட்டும். பேராசிரியர் கா. இந்திரபாலா 1965இல் இலங்கையில் தமிழர் குடியேற்றம் பற்றி இலண்டன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்தார். நாற்பது வருடம் கழித்து, 2005இல் வெளியிட்ட நூலில், புதிய சான்றுகள் வந்துவிட்டன, பழைய ஆய்வின் முடிவுகள் காலங்கடந்தவை என்று அவரே எழுதினார். கலாநிதி ஒருவர் நாற்பது வருடத்துக்குப் பின் பதிலைத் திருத்தலாமென்றால், மூன்றாவது பந்தியில் பதில் தடுமாறுகிறது என்பதற்காக நீங்கள் ஏன் நடுங்க வேண்டும்? திரும்பிப் போய் அந்த ஒற்றை வசனத்தைத் திருத்துங்கள். பந்திகள் தாமாக இடம் மாறும்.

முடிவுரையில் புதுச் செய்தி எதையும் அவிழ்க்காதீர்கள். எந்த அளவுக்கு உடன்படுகிறோம், எங்கே பிரிகிறோம் என்பதை நான்கைந்து வசனத்தில் சொல்லிவிட்டு எழும்புங்கள். பிறகு ஒருமுறை சத்தமாக வாசியுங்கள். மூச்சு வாங்குகிற வசனத்தை இரண்டாக்குங்கள். ஒரு பந்தியைத் தூக்கிவிட்டாலும் வாதம் நிற்கிறதா? அப்படியானால் தூக்கிவிடுங்கள்.

கேள்வியை உங்களுக்கே தந்துவிட்டேன், வகுப்பிலோ வீட்டிலோ எழுதிப் பாருங்கள். என் பதிலோடு முரண்பட்டால் இன்னும் நல்லது. 1980களின் அந்தக் கேள்விப்பத்திர விவகாரத்தைத் தோண்டினால் என்னைத் தோற்கடிக்கச் சான்று கிடைக்கக்கூடும். இராவணனை மட்டும் உள்ளே விட்டுவிடாதீர்கள்.